பதினெட்டாம் இடம்

கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நமக்கெல்லாம் செருப்பைத் தேடத் தோன்றும். ஹவாய்த் தீவுப் பள்ளிக்கூடப் பையன் ஒருவனுக்குக் கார் தோன்றுகிறது. தட்டை உடம்பு, தரையோடு தரையாக ஓட்டம், அகலமான முதுகு. அந்த முதுகு முழுக்க சோலார் பேனலை ஒட்டினால்? 1996-ல் வந்த 'ரேஸ் தி சன்' என்ற ஹாலிவுட் படத்தில் வரும் ஐடியா இது. காருக்கே 'காக்ரோச்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

கதை ரொம்பச் சின்னது. ஹவாயில் ஒரு பின்தங்கிய பள்ளி. 'இதுங்களை வெச்சு ஒண்ணும் தேறாது' என்று ஊரே கைகழுவிய பிள்ளைகள். புதிதாக ஒரு சயின்ஸ் டீச்சர் வருகிறார், ஹாலி பெர்ரி. பட்டறை வாத்தியாராக ஜேம்ஸ் பெலூஷி. பிள்ளைகள் சோலார் கார் கட்டுகிறார்கள். உள்ளூரில் ஜெயித்து, ஆஸ்திரேலியாவில் நடக்கும் உலகப் பந்தயத்துக்குப் போகிறார்கள். அங்கே பெரிய பெரிய ஜாம்பவான்கள், ஒரு திமிர் பிடித்த ஜெர்மன்காரர் உட்பட. முடிவைச் சொல்லி, பார்க்கப்போகிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள மாட்டேன். நீங்கள் யூகிக்க முடியாத திருப்பம் எதுவும் கிடையாது என்று மட்டும் சொல்லலாம்.

படத்தில் நடித்தவர்களில் இரண்டு பேர் பின்னாளில் ஆஸ்கர் வாங்கினார்கள். ஹாலி பெர்ரி 2002-ல். கரப்பான்பூச்சிப் பையனாக வரும் கேஸி அஃப்ளெக் 2017-ல். திரைக்கதை எழுதிய பாரி மாரோ, 'ரெயின் மேன்' படத்துக்காக முன்பே ஆஸ்கர் வாங்கியவர். இத்தனை பேர் சேர்ந்தும் படம் தேறவில்லை. ஏன் தேறவில்லை என்று யோசித்துப் பார்த்தால், அது ஒரு படத்தோடு முடிகிற விஷயமாகத் தெரியவில்லை.

முதலில் நிஜம். ஹவாயின் பெரிய தீவில் கோனா என்ற பகுதி. காப்பித் தோட்டங்களுக்குப் பேர்போனது. அங்கே கோனவாயினா என்ற அரசுப் பள்ளி. அதன் மாணவர்கள் ஒரு சோலார் கார் கட்டி, 1990-ல் நிஜமாகவே ஆஸ்திரேலியா போனார்கள். காரின் பெயர் 'கஆ லா ஓ கோனா'. ஹவாய் பாஷை. கோனாவின் சூரிய வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். கரப்பான்பூச்சி சமாசாரம் சினிமாக்காரர்களின் கைவரிசை.

பந்தயம் வடக்கே டார்வினில் ஆரம்பித்து தெற்கே அடிலெய்டில் முடியும். சுமார் 3,000 கிலோமீட்டர், பெரும்பகுதி பாலைவனம். கன்னியாகுமரியில் கிளம்பி டெல்லியைத் தாண்டிப் போகிற தூரம். 1987-ல் நடந்த முதல் பந்தயத்தில் ஜெயித்தது யார் தெரியுமா? ஜெனரல் மோட்டார்ஸ். அப்போது உலகத்திலேயே பெரிய கார் கம்பெனி. கோடி கோடியாகக் கொட்டி 'சன்ரேசர்' என்றொரு காரைக் கட்டிக்கொண்டு வந்து, மணிக்கு சுமார் 67 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஓட்டி எல்லோரையும் ஓரங்கட்டிவிட்டுப் போனது. 1990-ல் ஜெயித்தது ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரத்து இன்ஜினீயரிங் கல்லூரி. இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் காப்பித் தோட்டத்து ஹைஸ்கூல் பிள்ளைகள் போய் நின்றார்கள்.

பதினெட்டாவதாக வந்தார்கள்.

'ப்பூ, இவ்வளவுதானா?' என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் பி.காம். படித்தவன். பிசிக்ஸ் எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் இது பெருக்கல் வகுத்தல்தான். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் கொண்டுவந்து கொட்டுவது சுமார் 1,000 வாட். கார் முதுகில் எட்டு சதுர மீட்டருக்குப் பேனல் வைத்தால் 8,000 வாட். அடேயப்பா என்று உட்காராதீர்கள். அந்தக் காலத்து சாதாரண சிலிக்கன் செல், விழுகிற வெயிலில் ஏழில் ஒரு பங்கைத்தான் கரண்ட்டாக மாற்றும். மிஞ்சுவது 1,100 வாட் சொச்சம். ஒரு இஸ்திரிப் பெட்டி இழுக்கிற கரண்ட். ஹெச்.பி. கணக்கில் சொன்னால் ஒன்றரை. வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மோட்டார்! அதை வைத்துக்கொண்டு ஓர் ஆளைச் சுமந்து, பாலைவனத்தில், எதிர்காற்றில் ஓட வேண்டும். காற்று ஒரு கந்துவட்டிக்காரன். வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினால், காற்றைக் கிழிப்பதற்கான சக்தி மட்டும் எட்டு மடங்கு கேட்கும். ஆகவே கார் தட்டையாக இருக்க வேண்டும். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சண்டை போட வேண்டும். மேகம் வந்தால் பாட்டரியில் எவ்வளவு மிச்சம், அடுத்த மேடு எங்கே, இன்று மாலைக்குள் எவ்வளவு தூரம் என்று நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

இதைச் செய்தவர்களுக்குப் பதினெட்டாம் இடம் கிடைத்தது. அவர்களுக்குப் பின்னாலும் கார்கள் இருந்தன. பாதியில் படுத்த கார்களும் இருந்தன.

சினிமாவுக்கு இது போதவில்லை. மேலே சொன்ன கணக்கில் எவ்வளவு நாடகம் இருக்கிறது பாருங்கள். ஒரு கிலோவுக்கு நடக்கும் சண்டை, ஒரு மேகத்துக்கு நடுங்கும் பதினாறு வயது. இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, வில்லனைத் தேடிப் போகிறார்கள். கார் கட்டும் வேலைக்குக் கொடுத்த நேரத்தைவிட முறைப்புக்கும் கண்ணீருக்கும் கொடுத்த நேரம் அதிகம். வெல்டிங் பொறி பறக்கிறது, யாரோ சிரிக்கிறார்கள், யாரோ கையில் கிரீஸ். அவ்வளவுதான், கார் ரெடி. நம்ம படங்களில் ஒரே பாட்டில் ஹீரோ பால்காரரிலிருந்து பணக்காரர் ஆவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் அதிர்ச்சியாக இருக்காது. ஆனால் அந்தப் பாட்டில் காணாமல் போவது என்ன? ஒரு பையன் முதல் தடவை வெல்டிங் வைத்து, அது பிய்ந்துகொண்டு வந்து, இரண்டாம் தடவை வைத்து, வாத்தியார் சுத்தியலால் தட்டிப் பார்த்து 'இன்னொரு தடவை போடு' என்று சொல்லும் அந்த நாலு மாதம். அந்த நாலு மாதம்தான் கதை. பந்தயம் வெறும் பரீட்சை நாள்.

டீச்சர் விஷயமும் அப்படித்தான். இந்த மாதிரிப் படங்களில் பிள்ளைகள் என்பவர்கள் டீச்சரின் நல்ல மனசை நிரூபிக்க வந்த சாட்சிகள். டீச்சர் வருவதற்கு முன்னால் அவர்களுக்கு எதுவும் தெரியாது. வந்த பிறகு எல்லாம் தெரிந்துவிடுகிறது. நடுவில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதைப் பார்க்க முடிவதில்லை. வாத்தியார் வேலை பார்க்கிற என் நண்பர் ஒருவர் இந்த வகைப் படங்களுக்குப் போவதே இல்லை. "ஒரு டயலாக்கில பசங்க திருந்திடுறாங்க சார். எனக்கு இருபது வருஷமா அந்த டயலாக் கிடைக்கலை" என்பார்.

சரி, இதே கதையை வேறு மாதிரிச் சொல்ல முடியுமா? முடியும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பி.பி.எஸ். பொதுத் தொலைக்காட்சியின் 'ஃப்ரன்ட்லைன்' நிகழ்ச்சியில் 2012 ஜூலையில் ஒளிபரப்பான ஒரு டாகுமெண்டரி. 'ஃபாஸ்ட் டைம்ஸ் அட் வெஸ்ட் ஃபில்லி ஹை'. 1982-ல் வந்த ஒரு ஜாலியான பள்ளிக்கூடப் படத்தின் பெயரைக் கொஞ்சம் திருகி வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இடம், ஃபிலடெல்ஃபியா நகரத்தின் மேற்குப் பகுதி. ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் பெருவாரியாக வாழும் வட்டாரம். வெஸ்ட் ஃபிலடெல்ஃபியா ஹைஸ்கூலில் ஆட்டோமொபைல் படிப்புக்கென்று ஒரு தனிப் பிரிவு. அங்கே சைமன் ஹாகர் என்ற கணக்கு, அறிவியல் ஆசிரியர். இன்ஜினீயர் வேலையை விட்டுவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். 1998-ல் பள்ளி நேரம் முடிந்த பிறகு, சில பிள்ளைகளோடு சேர்ந்து கரண்ட்டில் ஓடும் ஒரு குட்டி கோ-கார்ட் வண்டி கட்டுவதில் ஆரம்பிக்கிறது கதை. அப்புறம் கோ-கார்ட், காராகிறது. ஒரு கட்டத்தில் இவர்கள் கட்டியது 'அட்டாக்' என்ற ஸ்போர்ட்ஸ் கார். பாகங்களாக வாங்கிப் பூட்டிக்கொள்கிற ரகத்து பாடி. ஃபோக்ஸ்வேகன் டீசல் இன்ஜின் ஒரு பக்கச் சக்கரங்களுக்கு, எலெக்ட்ரிக் மோட்டார் இன்னொரு பக்கச் சக்கரங்களுக்கு. ஊற்றுவது சோயா எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல். இந்தக் காரோடு 'டூர் டி சோல்' என்ற மாற்று எரிபொருள் கார் போட்டிக்குப் போய், கல்லூரிக்காரர்களையெல்லாம் ஓரம் போகச் சொல்லிவிட்டு 2005-லும் 2006-லும் ஜெயித்தார்கள்.

படம் இந்த வெற்றியோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் முக்கியமான விஷயத்துக்கே வருகிறது. 'எக்ஸ் ப்ரைஸ்' என்று ஒரு போட்டி. மொத்தப் பரிசு ஒரு கோடி டாலர். 2010-ன் ரேட்டில் நம்ம காசுக்கு சுமார் 46 கோடி ரூபாய். கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு காலன் பெட்ரோலுக்குச் சமமான எரிசக்தியில் 100 மைல் ஓட வேண்டும். அதாவது லிட்டருக்கு 42 கிலோமீட்டருக்கு மேல். நம்ம ஊரில் பைக்குக்கே 'என்ன மைலேஜ் குடுக்குது?' என்று கேட்டுவிட்டுத்தான் 'சௌக்கியமா?' என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட நமக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். அன்றைக்கு அமெரிக்க ரோட்டில் ஓடிய கார்கள் பத்து கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம்.

ஆரம்பத்தில் பதிவு செய்தவை 111 அணிகள், 136 வண்டிகள். கம்பெனிகள், பல்கலைக்கழகங்கள், பணக்கார கார்ப் பைத்தியங்கள், கொட்டகையில் உட்கார்ந்து கட்டுகிற கிராமத்து மெக்கானிக்குகள். அதில் ஒரு ஹைஸ்கூல். ஒன்றல்ல, இரண்டு கார்களோடு: ஒரு ஸ்போர்ட்ஸ் கார், ஒரு ஃபோர்டு ஃபோகஸ்.

என் காமர்ஸ் மூளையைக் கிள்ளிவிட்ட விதி ஒன்று இந்தப் போட்டியில் உண்டு. கார் ஓடினால் மட்டும் போதாது. வருடத்துக்கு 10,000 கார் தயாரித்து விற்க முடியும் என்று ஒரு தொழில் திட்டமும் கொடுக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். பதினேழு வயசு. ப்ளஸ் டூ காமர்ஸ் குரூப்பில் நாமெல்லாம் 'ராமன் அண்ட் கோ' கணக்கை டேலி ஆகாமல் கட்டிக்கொண்டு அழுத வயசு. இவர்கள் பத்தாயிரம் காருக்குக் கணக்குப் போட வேண்டும். பாகம் எங்கே வாங்குவது, என்ன விலைக்கு விற்பது, யார் வாங்குவார்கள் என்று யோசிக்க வேண்டும். சுற்றுச்சூழல் பற்றி ஆயிரம் கட்டுரைப் போட்டி வைத்தாலும் வராத ஒரு படிப்பு இந்த ஒரு விதியில் இருக்கிறது. பூமியைக் காப்பாற்றும் கார், பக்கத்து வீட்டுக்காரர் வாங்குகிற விலையில் இல்லையென்றால் அது கண்காட்சிப் பொருள்.

2010-ல் மிஷிகன் மாநிலத்து ரேஸ் டிராக்கில் சோதனைகள். ப்ரேக் பிடித்தால் எத்தனை அடியில் நிற்கிறது, எத்தனை விநாடியில் வேகமெடுக்கிறது, சடாரென்று ஒதுங்கினால் கவிழாமல் இருக்கிறதா, மைலேஜ் எவ்வளவு. சுற்றுக்குச் சுற்று வடிகட்டினார்கள். முக்கால்வாசிக்கு மேல் அணிகள் உதிர்ந்த பிறகும் இந்தப் பள்ளிக்கூடம் களத்தில் நின்றது. ஜூனில் நடந்த நாக்-அவுட் சுற்றில் வெளியேறியது. இரண்டு காரும் அவுட்.

நான் பாராட்ட வந்தது இந்த இடத்தைத்தான். கேமரா அங்கேயே இருக்கிறது. இசையைக் கூட்டி 'ஆனாலும் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள்' என்று நம் காதில் ஊதவில்லை. தோற்றார்கள். வலித்தது. தோல்வியைத் தோல்வியாக வைக்கிறபோதுதான் அந்தப் பிள்ளைகள் உண்மையாகவே ஒரு போட்டிக்குப் போனார்கள் என்று நமக்கு உறைக்கிறது. ஆறுதல் பரிசு வாங்கவா போனார்கள்? கம்பெனிக்காரர்களோடு மோதப் போனார்கள். அதே அளவுகோல், அதே டிராக், சலுகை மார்க் கிடையாது. 'ரேஸ் தி சன்' தன் பிள்ளைகளுக்குக் கொடுக்காத மரியாதை இது.

அடுத்து வருகிறார் ஒபாமா. 2010 செப்டம்பர் 16. வெள்ளை மாளிகையில் அறிவியல் கல்வி பற்றி ஒரு விழா. ஜனாதிபதி இந்த மாணவர்களைக் குறிப்பிட்டுப் பேசுகிறார். போட்டியில் அவர்கள் ஜெயிக்கவில்லை, சின்னப் பசங்கதானே என்று சிரிக்க வைக்கிறார். ஆனால் 65 மைலுக்கு மேல் கொடுக்கிற காரைக் கட்டினார்கள், வசதியான போட்டியாளர்களோடு சரிக்குச் சரி நின்றார்கள் என்று புகழ்கிறார். அதே தேதியில்தான் எக்ஸ் ப்ரைஸ் வெற்றியாளர்களுக்கும் பரிசு கொடுத்தார்கள். நல்ல பேச்சு, நியாயமான பாராட்டு. ஆனால் பாராட்டு வேறு, பட்ஜெட் வேறு.

ஒரு வருடம் முன்னால், 2009 ஜூனில், ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது. 1987-ல் சோலார் கார் ஓட்டி ஆஸ்திரேலியாவில் முதலாவதாக வந்த அதே ஜி.எம்.தான். ஹவாய்ப் பிள்ளைகளின் படம் வந்த 1996-ல், 'இ.வி.1' என்று நிஜமான எலெக்ட்ரிக் காரை வாடிக்கையாளர்களுக்கு வாடகைக்கு விட்டு, பிறகு அவர்கள் கெஞ்சியும் கேட்காமல் திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டதும் அதே கம்பெனிதான். அதைக் காப்பாற்ற அமெரிக்க அரசாங்கம் போட்ட பணம் சுமார் 5,000 கோடி டாலர். தப்பு என்று சொல்ல வரவில்லை. லட்சக்கணக்கான பேருடைய வேலை. ஆனால் லெட்ஜரில் பக்கத்துப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. 2013-ல் ஃபிலடெல்ஃபியா நகரத்துப் பள்ளி நிர்வாகம் காசில்லை என்று 23 பள்ளிக்கூடங்களை மூடுவதற்கு ஓட்டுப் போட்டது. சில மாதத்தில் சுமார் 3,800 ஊழியர்களுக்கு வேலைநீக்க நோட்டீஸ். எந்த ஊர்ப் பிள்ளைகளை ஜனாதிபதி மேடையில் புகழ்ந்தாரோ, அதே ஊர்.

டாகுமெண்டரி 2012-லேயே முடிந்துவிட்டதால் இந்தக் கணக்கு அதில் வராது. அது அவர்கள் தப்பில்லை. ஆனால் 2012-க்குள் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று இருந்தது. இப்படி ஒரு பட்டறை ஒரு பள்ளியில் நடக்க எவ்வளவு செலவு? யார் கொடுத்தார்கள்? அடுத்த வருடம் யார் கொடுப்பார்கள்? படம் நன்கொடையாளர்களைப் பற்றியும் ஓவர்டைம் வாத்தியார்களைப் பற்றியும் போகிற போக்கில் தொட்டுவிட்டு ரேஸ் டிராக்குக்கு ஓடிவிடுகிறது. ஹாகர் நல்லவர், கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் எத்தனை ஊருக்கு எத்தனை ஹாகர் கிடைப்பார்? ஹாலிவுட் அளவுக்கு இல்லாவிட்டாலும் இந்தப் படத்துக்கும் 'ஒற்றை வாத்தியார்' ஜுரம் லேசாக அடிக்கத்தான் செய்கிறது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள நினைப்பவர்கள், ஜேஸன் ஃபகோன் 2013-ல் எழுதிய 'இன்ஜீனியஸ்' என்ற புத்தகத்தைத் தேடலாம். இதே எக்ஸ் ப்ரைஸ் போட்டிதான் களம். இந்தப் பள்ளியும் அதில் வருகிறது, ஜெயித்தவர்களும் வருகிறார்கள். யார் எங்கே கடன் வாங்கினார்கள் என்பது வரைக்கும் எழுதுகிற மனிதர்.

ஜெயித்தவர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் பரிசு 50 லட்சம் டாலர் வாங்கியது 'எடிசன்2' என்ற அணி. வேடிக்கை என்னவென்றால் அவர்கள் காரில் பெரிய பாட்டரியே கிடையாது. எத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின். காரை இறகு மாதிரி லேசாகக் கட்டியதில்தான் சூட்சுமம். 400 கிலோவுக்கும் குறைவு. மிச்சப் பணத்தை வேறு இரண்டு அணிகள் பங்குபோட்டுக்கொண்டன. அந்த மூன்று கார்களில் ஒன்றாவது பெருவாரியாக ரோட்டுக்கு வந்ததா? இல்லை. வருடத்துக்குப் பத்தாயிரம் என்ற திட்டமெல்லாம் ஃபைலோடு போயிற்று. தோற்ற பள்ளிக்கூடத்துக் கோஷ்டியோ 2011-ல் கப்பல் கட்டும் தளமாக இருந்த ஓர் இடத்தில் சின்னதாக ஒரு பட்டறைப் பள்ளியைத் தொடங்கி, 2013-ல் அதையே 'வொர்க்‌ஷாப் ஸ்கூல்' என்ற அரசு ஹைஸ்கூலாக மாற்றிவிட்டது. பாடப் புத்தகத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை உருப்போடாமல், ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதற்குத் தேவையான கணக்கையும் அறிவியலையும் படிப்பது அதன் முறை. 23 பள்ளிகளை மூட முடிவெடுத்த அதே வருடத்தில் ஒன்று திறந்தது. ஆடிட்டர் நண்பரிடம் இதைச் சொன்னபோது, "போட்டியில தோத்தது அந்த வருஷத்து லாப-நஷ்டக் கணக்குலதான்யா வரும். இது பேலன்ஸ் ஷீட் ஐட்டம்" என்றார்.

இந்தப் படத்தைப் பார்க்கிற தமிழருக்கு ஓரிடத்தில் சுருக்கென்று இருக்கும். அந்த ஆட்டோமொபைல் பிரிவு எப்படிப்பட்டது? காலேஜுக்குப் போகமாட்டார்கள் என்று மற்றவர்கள் முடிவு கட்டிய பிள்ளைகளுக்கான பிரிவு. நம்ம ஊரில் இது எங்கே இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1978-ல் ப்ளஸ் டூ வந்த காலத்திலிருந்தே நம்மிடமும் தொழிற்பிரிவு இருக்கிறது. 'வொகேஷனல் குரூப்பா?' என்று சொந்தக்காரர்கள் கேட்கிற தொனியும் கூடவே இருக்கிறது. ஐ.டி.ஐ. என்றால் இன்னும் ஒரு படி இறக்கம். மெக்கானிக் ஷெட்டில் "அண்ணே, ஸ்பானர் பதினாலா பன்னெண்டா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிற பையனை நாம் இன்ஜினீயர் என்று நினைப்பதில்லை. அறிவியல் கண்காட்சிக்கு அப்பா வாங்கிக்கொடுத்த பேனலை ஒட்டி, அழகாகச் சார்ட் எழுதி நிற்கிற பிள்ளைக்குத்தான் 'இளம் விஞ்ஞானி' என்று போட்டோவோடு செய்தி. இரண்டு பேரும் ஒரே மேஜையில் வேலை பார்ப்பதை இந்த டாகுமெண்டரியில் பார்த்தேன். கரண்ட் கணக்குப் போடுகிறவரும் கிரீஸ் கையும் அங்கே ஒரே ஆள்.

நம் பக்கத்திலும் உதாரணம் இல்லாமல் இல்லை. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரின் சோலார் இஸ்திரி வண்டியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சைக்கிளோடு சேர்ந்த வண்டி, கூரையில் பேனல், கரிக்குப் பதில் வெயில். 2021-ல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று வரை போனார். அந்த வருடம் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் பேசினார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. எனக்குப் பிடித்தது அந்த யோசனை தொடங்கிய இடம். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் இஸ்திரிக்காரர் கரியைக் கொட்டுவதைப் பார்த்து, 'தினமும் இவ்வளவு கரியா?' என்று ஒரு பெண் கேட்டாள். தேவை முதலில், கருவி அப்புறம். ஆனால் நம் பத்திரிகைகளும் டி.வி.யும் செய்தது என்ன? நான் படித்த பத்துச் செய்தியில் ஒன்பதில் பேச்சு இருந்தது, கைத்தட்டல் இருந்தது. வண்டி என்ன விலை, பாட்டரி எத்தனை வருஷம் வரும், மாற்ற எவ்வளவு ஆகும், இஸ்திரிக்காரருக்கு எந்த பாங்க் கடன் கொடுக்கும் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. எக்ஸ் ப்ரைஸ்காரன் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேட்ட பத்தாயிரம் வண்டிக் கணக்கை, நாம் அரசாங்கத்திடம்கூடக் கேட்பதில்லை. அந்த வகையில் நம் செய்தி சேனல்களும் 'ரேஸ் தி சன்' எடுத்தவர்களும் ஒரே ஜாதி.

இரண்டில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், வீட்டில் எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பிள்ளை இருந்தால் 'ரேஸ் தி சன்'னையே முதலில் போட்டுக் காட்டுங்கள். கெடுதல் ஒன்றுமில்லை. வெயில், கடல், பாலைவனம், கரப்பான்பூச்சி கார் எல்லாம் உண்டு. முடிந்ததும் நிஜத்தில் இவர்கள் எத்தனையாவது வந்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். மறுநாள் டாகுமெண்டரி. ஃபிலடெல்ஃபியா இங்கிலீஷ் சரசரவென்று போகும். சப்-டைட்டிலோடு கிடைத்தால் உத்தமம். நடுவில் ப்ரேக் டெஸ்ட், லேன் மாற்றுகிற டெஸ்ட் என்று வரும்போது ஏன் எதற்கென்று கேள்வி வரும். பக்கத்தில் மெக்கானிக் யாராவது தெரிந்தவர் இருந்தால் அவரையும் உட்கார வையுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்.